தூணுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு

என் அத்தானுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. சாவிக்காரர் என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். இடுப்பில் ஒரு இரும்பு வளையம், அதில் பதினேழு சாவிகள். ஆலயத்தின் ஆறு கதவுகளுக்கு ஆறு, மணிக்கூண்டுக்கு ஒன்று, பாட்டுப் புத்தக அலமாரிக்கு இரண்டு, போதகர் அங்கி மாட்டும் அறைக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்வார். அவருடைய சொந்த வீட்டுச் சாவி மட்டும் அந்த வளையத்தில் கிடையாது. வீட்டில்தான் எப்போதும் ஆள் இருக்கிறதே, எனக்கு எதற்கு என்பார். அந்த ஆள் அவர் மனைவி, என் அக்கா.

கோபம் வரும்போது, இந்த ஒன்றைச் சொன்னாலே போதும், மீதியைச் சொல்லவே வேண்டாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் கோபத்தில் சொன்னால் பாதிதான் வரும். அதனால் ஆற அமரச் சொல்கிறேன்.

முப்பத்தொரு வருஷம் அவர் அந்த ஆலயத்தைப் பார்த்துக்கொண்டார். பெருக்குவது, துடைப்பது, விளக்கு, மின்விசிறி, ஜன்னல், பூச்சாடிக்குத் தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை முதல் மணி, இரண்டாம் மணி எல்லாம் அவர் கைதான். சம்பளத்துக்குச் செய்த வேலையைப் போல அது இருக்காது. மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகும். அவர் ஆலயத்து ஓட்டின்மேல் ஏறி நிற்பார். அக்கா பாத்திரத்தை இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்துக்கொண்டு, "மேல இருக்கிறவரு வீடு நனையக்கூடாதில்ல, நம்மளத்தான் மேலேருந்து பாத்துக்கறாரே" என்று சிரிப்பாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்கு அது வாய்க்கவில்லை. நான் தையல்காரி. அதே வீட்டின் தெருப்பக்க முன்னறையில் மிஷினைப் போட்டு உட்கார்ந்தபடி அந்த வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்து வயிற்றெரிச்சல் படுவதுதான் எனக்கு வாய்த்தது.

சனிக்கிழமை அவருக்குப் பெஞ்சு நாள். மொத்தம் நாற்பத்திரண்டு பெஞ்சுகள். துணியில் மெழுகைத் தொட்டு, மரத்தின் வரியோடு தேய்த்துக்கொண்டே போவார். எந்தப் பெஞ்சில் யார் உட்காருகிறார் என்பது அவருக்கு மெழுகு தேய்ந்திருப்பதை வைத்தே தெரியும். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் நகக்கீறல் இருந்தால் அது பள்ளிக்கூட டீச்சர், பிரசங்கம் நீண்டுவிட்டது. ஒன்பதாவதில் நடுவில் மட்டும் மங்கலாக இருந்தால் கட்டடக் கொத்தனார் தூங்கிவிட்டார். ஒரு தடவை, ஏழாவது பெஞ்சில் எப்போதும் ஒட்டி உட்காரும் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஒரு சாண் பளபளப்பு மிச்சமிருப்பதைப் பார்த்து, அவர்கள் வீட்டில் சண்டை என்று வந்து சொன்னார். சொன்னது சரிதான்.

நாற்பத்திரண்டாவது பெஞ்சுக்கு மட்டும் அவர் மெழுகு போடுவதில்லை. அது கடைசித் தூணுக்குப் பின்னால் சுவரை ஒட்டிக் கிடக்கும். அங்கே உட்கார்ந்தால் பீடமும் தெரியாது, போதகரும் தெரியாது. கிழிந்த பாட்டுப் புத்தகங்களை அதன் ஒரு ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தார். அந்த இடத்திலிருந்து தெரிவது இவ்வளவுதான்: பக்கத்து வளைவுக்கு அப்பால் மணிக்கூண்டின் அடித்தளமும், தொங்கும் கயிறும், எதிர்ச்சுவரில் மாட்டிய கடிகாரமும். மணி அடிக்கிறவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்பார்.

என் அக்கா இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்தது அந்தப் பெஞ்சில்தான்.

கல்யாணமான புதிதில் அவள் மற்றப் பெண்களோடு முன்னால்தான் உட்கார்ந்தாள். எல்லார் பக்கத்திலும் புருஷனோ பிள்ளையோ இருக்கும். இவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் கதவு, கயிறு, விசிறி என்று ஓடிக்கொண்டிருப்பார். ஒன்பது வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறு இரண்டாம் மணி அடிக்கும் நேரத்தில் சத்தமில்லாமல் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கடைசிப் பாட்டின் கடைசி அடி முடியும் முன்பே எழுந்து, அடுப்பைப் பற்ற வைக்க வீட்டுக்கு வந்துவிடுவாள். எனக்கு மட்டும்தான் சொன்னாள். ஏன் இந்தக் கூத்து என்று கேட்டேன்.

"முன்னாடி உக்காந்தா அவரு இல்லாத இடம்தான் தெரியுது. இங்க உக்காந்தா அவரு முதுகாவது தெரியுது" என்றாள். "ஒரு நாள் திரும்பிப் பாப்பாரு. பாத்தா, பக்கத்துல இடம் போட்டு வெச்சிருக்கேன், வாங்கன்னு சொல்லுவேன்."

அவரிடமே சொல்லிவிடேன் என்றேன். அது கூடாதாம். அவராகத் திரும்ப வேண்டுமாம். மரப்பலகை குத்துகிறது என்றதால் நீல நிற வெட்டுத்துணியில் பஞ்சடைத்து ஒரு திண்டு தைத்துக் கொடுத்தேன். அதை அவள் பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெழுகே படாத அந்தப் பலகையின் முனை ஆள் உரசி உரசித் தானாகப் பளபளக்க ஆரம்பித்தது. அத்தான் கண்ணுக்கு அது தப்புமா? யாரோ ஒரு ஆள் நேரம் கழித்து வந்து, தூணுக்குப் பின்னால் பதுங்கி, ஆசீர்வாதத்துக்கு முன்பே நழுவுகிறான் என்று முடிவு கட்டினார். யாராக இருக்கும் என்று சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடமே கேட்டுப் புலம்புவார். கடனே என்று வருகிறவனாக இருப்பான், ஆராதனையில் மனசு இல்லாதவன், ஒரு நாள் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்பார். அக்கா மோர்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்து, "புடிங்க, புடிங்க" என்பாள். பிறகு என்னிடம் வந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். அவர் பிடிக்கவில்லை. மணியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்க அவருக்கு ஒரு ஞாயிறுகூட நேரம் வாய்க்கவில்லை.

முப்பது வருஷம் ஆனபோது சபையார் அவருக்கு ஒரு சால்வை போர்த்தி, ஒரு மரப்பலகையும் கொடுத்தார்கள். அதில் சங்கீதத்தின் ஒரு வரி செதுக்கியிருந்தது. ஆண்டவரே, உம் வீட்டின்மேல் கொண்ட வைராக்கியம் என்னைத் தின்றுவிட்டது என்று பொருள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அத்தான் அதை வீட்டு வாசல் நிலைக்கு மேலே மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், தனக்கென்றே எழுதின வசனம் என்று காட்டினார். நான் ஒவ்வொரு நாளும் அந்த நிலைப்படியைத் தாண்டும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தின்றதாம். தின்னப்பட்டவர் நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தார், என் அக்காதான் துரும்பாகிக்கொண்டிருந்தாள். அப்போதே அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் போதகரின் அங்கியை இடுப்பில் பிடித்துக் கொடுக்கப் போனபோது, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன். அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம், ஒருத்தர் குடும்பத்தை மறந்து பெஞ்சு துடைத்தால் கடவுளுக்குச் சந்தோஷமா என்று. போதகர் நாற்பது வயதுக்காரர், மழுப்பத் தெரியாதவர். உட்காரச் சொல்லிவிட்டு, தானும் உட்கார்ந்தார்.

"அது பெருமையாப் பாடின பாட்டு இல்லம்மா. தண்ணி கழுத்து வரைக்கும் வந்துட்ட ஒருத்தன் அழுத பாட்டு. கூடப் பொறந்தவங்களுக்கே அவன் வேத்து ஆளாயிட்டான்னு அதுக்கு முந்தின வரியில இருக்கு" என்றார்.

பிறகு மெதுவாக விளக்கினார். அது தீர்க்கதரிசனமான வரியாம். பாடி எத்தனையோ நூற்றாண்டு கழித்து, ஆண்டவர் ஆலயத்துக்கு வந்து, தொழுகை நடக்க வேண்டிய இடத்தில் வியாபாரம் நடப்பதைப் பார்த்துக் கயிற்றுச் சாட்டையால் விரட்டியபோது, கூட இருந்த சீஷர்களுக்கு அந்த வரி ஞாபகம் வந்ததாம். எல்லாரும் சாட்டையோடு கதையை நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அதே இடத்தில் ஆண்டவர், இந்த ஆலயத்தை இடியுங்கள், மூன்று நாளில் எழுப்புகிறேன் என்றார். கேட்டவர்கள் கல்லையும் மரத்தையும் நினைத்தார்கள். அவர் சொன்னது தன் உடம்பை. கடைசியில் அந்த உடம்பைத்தான் கொடுத்தார்.

"வைராக்கியம் அவரைத்தான் தின்னுச்சு. பக்கத்துல இருந்தவங்களத் தின்னல. அதுவும் கட்டடத்துக்காக இல்ல, ஆளுங்களுக்காக."

அப்படியென்றால் எங்கள் அத்தானுக்கு ஏன் அதைச் செதுக்கிக் கொடுத்தீர்கள் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சபைச் செயலாளர் மூன்று வசனம் எழுதிக் கொடுத்தாராம். பலகையில் அடங்கியது இது ஒன்றுதானாம்.

அக்காவிடம் வந்து ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "அப்ப வீடுங்கிறது ஆளா?" என்று கேட்டாள். உரித்த பட்டாணியைக் கிண்ணத்தில் தட்டிவிட்டு, "இத அவர்கிட்ட சொன்னா, ஆளுக்கு எந்தப் பக்கம் மெழுகு போடறதுன்னு கேப்பாரு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அன்றைக்கு அவள் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

அந்த வாரமே அவள், அவராகத்தான் திரும்ப வேண்டும் என்ற தன் கொள்கையை விட்டாள். கால் வீங்கியிருந்தது. ஆலயத்தின் பதினோரு படிகளில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கித்தான் ஏறினாள். படியே ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு நாள் காலை அத்தான் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன், அதனால் அக்கா அவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஒரே ஒரு ஞாயிறு என்கூட உக்காருங்க. ஒரு ஆராதனை முழுக்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவர் முறைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதுதான் இன்னும் மோசம். அன்பாகத்தான் சொன்னார். "உக்காந்தாப் போச்சு. ஆலயத்துக்கு நூறு வருஷம் ஆகுதுல்ல, பேராயர் வர்றாரு. அது ஒண்ணு முடியட்டும். அப்புறம் எந்த ஞாயிறு வேணும்னாலும் உக்கார்றேன்."

நூறாவது வருஷ ஆராதனைக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. எங்கே உட்காருவது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள். ஏழு வாரத்தை அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். ஆறு வாரமும் அந்த வீங்கின காலோடு படியேறினாள்.

அந்த ஞாயிற்றுக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவளுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஆலயத்துக்குப் போன் அடித்தேன். அங்கி அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏழு தடவை அடித்தேன். அத்தான் அப்போது ஏணியில் நின்று உயர ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் அவருக்குக் கேட்டது. செயலாளர் விழாவுக்கு நாற்காலிக் கணக்குக் கேட்கத்தான் கூப்பிடுகிறார், ஜன்னல் முடியட்டும் என்று விட்டுவிட்டார். கடைசியில் பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரர் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

அக்கா என் மடியில் தலை வைத்திருந்தாள். வந்துட்டாரா என்று கேட்டாள். தெருமுனைக்கு வந்துவிட்டார் என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் தையலறைச் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து, அவள் காதுக்குக் கொஞ்சம் தள்ளி, நடந்து வருகிற மாதிரி ஆட்டினேன். அவள் முகம் இளகியது. கண்ணைத் திறக்காமலே "வரட்டும்" என்றாள். அவ்வளவுதான்.

இதை நான் அத்தானிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவர் கையில் துடைக்கிற துணியோடு வந்து நின்றார். உண்மையான சாவிச் சத்தம் கேட்டபோது கேட்க ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை அடக்கம். கதவைத் திறந்தது அவர், பெட்டி வைக்கிற மேஜையைத் துடைத்தது அவர், விசிறி போட்டது அவர். யாராவது பிடித்து உட்கார வைத்தால் மறுநிமிஷம் எழுந்துவிடுவார். பார்த்தவர்கள் எல்லாரும், என்ன வைராக்கியம் பார், இந்த நேரத்திலும் என்று மெச்சினார்கள். எனக்கு அந்தச் சால்வையை எடுத்து அத்தனை பேர் வாயிலும் அடைக்கலாம் போலிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. ஞாயிறு பேராயர் வருகிறாரே, இந்த ஒரு பெஞ்சையும் விடக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு நான் போனபோது தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கிழிந்த புத்தகங்கள் தரையில் கிடந்தன. கையில் நீலத் திண்டு. என் தையல் அவருக்குத் தெரியும். அவருடைய சட்டைகளில் பாதிக்கு மேல் நான் ஒட்டுப் போட்டவை.

"இது உன் கைவேலை" என்றார்.

அவரைக் குத்திக் கிழிக்க எத்தனையோ நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். நல்ல நல்ல வார்த்தைகள். அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அக்கா உட்கார்ந்த இடம் அது, உங்களைப் பார்க்க அங்கே உட்கார்ந்தாள், பக்கத்தில் உங்களுக்கு இடம் விட்டிருந்தாள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் பெஞ்சைப் பார்த்தார். மெழுகு போடாமலே பளபளத்த ஓரத்தை விரலால் தடவினார். ஒரு ஆள் அளவுக்கு மினுமினுப்பு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் அளவுக்கு மங்கின மரம். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட நடுவுக்கு நகர்ந்து உட்காரவில்லை. அதை நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பெஞ்சு படிக்க அவருக்குத்தான் தெரியுமே.

"யாருன்னு அவகிட்டயே கேட்டேனே" என்றார். "வாராவாரம் கேட்டேனே."

"ஆமா அத்தான். கேட்டீங்க."

திண்டை அந்தப் பளபளப்பின்மேல் வைத்தார். பிறகு, வாசலில் மாட்டின பலகையைப் பற்றிப் போதகர் என்ன சொன்னார் என்று கேட்டார். அக்கா அவரிடம் ஏதோ சொல்லத் தொடங்கியிருக்கிறாள், அவர்தான் நாற்காலிக் கணக்கு இருக்கிறது என்று எழுந்து போயிருக்கிறார். நான் சொன்னேன். கல்லை இல்லை, உடம்பை என்று சொன்னேன். ஆண்டவரைத்தான் தின்றது, பக்கத்தில் இருந்தவர்களை இல்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் அவ்வளவு கருணையாக இல்லை.

"என்னை ஒண்ணும் தின்னலியே" என்றார் அத்தான். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் நல்லாத்தான் இருக்கேன். அவளத்தான் தின்னுருக்கு. நான்தான் தின்னுருக்கேன்."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூக்கைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சொல்லியிருக்கலாமோ என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் பொங்கி வழிந்தது. முதல் மணி வழக்கம்போல் அடித்தது. பேராயர் வாசலில் அங்கியோடு நின்றார், பின்னால் பாடகர் குழு. இரண்டாம் மணி அடித்தால்தான் ஊர்வலம் உள்ளே நுழையும். நேரம் ஆனது. மணி அடிக்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நிமிஷம் பிசகாத மணி. சனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் வேர்த்துப்போய் ஓடினார். நான் எழுந்து நேராகத் தூணுக்குப் பின்னால் போனேன்.

அத்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். மங்கின மரத்தில், தனக்கென்று விட்டு வைத்திருந்த இடத்தில். பக்கத்தில் பளபளத்த இடத்தில் நீலத் திண்டு. சாவி வளையத்தைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். செயலாளர் குனிந்து காதில் ஏதோ கெஞ்சினார். போதகரும் வந்துவிட்டார்.

"வேற யாராவது அடிங்கய்யா" என்றார் அத்தான். "நான் இன்னிக்கு இவகூட உக்காந்திருக்கேன்."

செயலாளர் வாயைத் திறந்தார். போதகர் அவர் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, தானே வளைவைத் தாண்டிப் போய்க் கயிற்றைப் பிடித்தார். அவருக்கு மணி அடித்துப் பழக்கமில்லை. ஒன்று பலமாக விழுந்தது, அடுத்தது விழவே இல்லை, பிறகு இரண்டு சேர்ந்து விழுந்தன. நான் அத்தானுக்கு அந்தப் பக்கம், பலகையின் மிச்சத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். ஊர்வலம் நுழைந்து பாட்டு ஆரம்பித்தது. எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தூண் மறைத்தது.

அத்தான் பாடவில்லை. கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த போதகரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னிடம் சொல்கிறாரா திண்டிடம் சொல்கிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார்.

"இங்கேருந்து பாத்தா முதுகு மட்டுந்தான் தெரியுது."